நாலாவது கம்பி

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கேபிள் கடைக்காரர் இருக்கிறார். என் தலை தெரு முனையில் தெரிந்தாலே ஸ்டாக் எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரிடம் இரண்டு தடவை அடம்பிடித்துத் தப்பான கேபிளை வாங்கியவன் நான். இரண்டு தடவையும் அவர் வேண்டாம் என்றார். இரண்டு தடவையும் நான் எகிறினேன். அது தப்பான கேபிள் என்று அவருக்குத் தெரிந்த மாதிரியே எனக்கும் தெரியும். தெரிந்தேதான் வாங்கினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வலது கை நடுங்குகிறது. சும்மா வைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூ, பேனா, சட்டைப் பட்டன் என்று பொடியாக எதையாவது பிடிக்கப் போனால் விரல் என் பேச்சைக் கேட்காது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார், அப்புறம் அந்தப் பெயரோடு காலம் தள்ள வேண்டும் என்று பயம். ஐம்பத்தாறு வயசு ஆள் இப்படிப் பயந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் என்னைக் கிறுக்கன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், நோயாளி என்று மட்டும் ஒருத்தரும் நினைக்கக் கூடாது. கேபிளுக்கு அலைந்த மூன்று மாதமும் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வருஷத்துக்கு ஒரு மரப்பொம்மை செதுக்குவது என் வழக்கம். கல்யாணமான வருஷம் ஆரம்பித்தது. சூசையப்பர், மாதா, இடையர்கள் எல்லாம் முடிந்து, செதுக்க ஆள் இல்லாமல் போய், எங்கள் தெருநாயைச் செதுக்கி வைத்தேன். ஒரு வருஷம் ஒரு ஆட்டோவைச் செதுக்கி மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு மீட்டர் போட்டு வந்ததா என்று கேட்டார். போன டிசம்பரில் ஒட்டகம். முன்னங்காலைச் செதுக்கும்போது கத்தி தானாக ஒரு இழுப்பு இழுத்தது, கால் போய்விட்டது. மறுபடி ஒரு கட்டை எடுத்தேன். அதிலும் அதே கால். கட்டை சரியில்லை என்று மனைவியிடம் கத்தினேன். மரக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். அவள் சீவலைக் கூட்டி அள்ளினாள். அந்த ராத்திரிதான் எனக்கு விஷயம் உறைத்தது.

கத்தி பிடிக்க முடியாவிட்டால் என்ன, கத்தியை மெஷின் பிடிக்கட்டும் என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டரில் பொம்மையை வரைந்தால் அதைப் பார்த்துத் தானே மரத்தைக் குடைகிற சின்ன மெஷின்கள் இருக்கின்றன. பொழுதுபோக்குக்காக வீட்டிலேயே கட்டிக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். சட்டம், திருகுகள், மூன்று மோட்டார் என்று எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. துணி துவைக்கிற யுடிலிட்டியில் ஒரு மேஜை போட்டுக் கட்டினேன். பெரிய போல்ட், பெரிய ஸ்பேனர் வேலையெல்லாம் மாதக் கணக்கில் மெதுவாகச் செய்து முடித்தேன். மே மாதம் வயரிங்கில் வந்து நின்றேன்.

வயரிங் என்றால் பெரிய வேலை என்று நினைக்காதீர்கள். இரண்டு மோட்டாருக்கு வயர் அதோடேயே வந்துவிட்டது. மூன்றாவது மோட்டார் மெஷினின் நகரும் கையில் உட்கார்ந்திருக்கிறது, அதன் வயர் மட்டும் நீளம் போதவில்லை. அதற்கு ஒன்றரை மீட்டர் கேபிள், உள்ளே நாலு கம்பி. ஒரு முனை மோட்டாருக்கு. அங்கே பெரிய ஸ்க்ரூ, அதைச் சமாளித்துவிடலாம். மறுமுனை, மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டிக்கு. அதில் அரிசி நுழைகிற அளவில் வரிசையாக நாலு ஓட்டை. நாலு ஓட்டையில் நாலு கம்பி. இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

என்ன கேபிள் போடுவது என்று போனில் இருக்கும் ஒரு குழுவில் கேட்டேன். எல்லாம் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், என்னை அங்கிள் என்று கூப்பிடுவார்கள். ஒருத்தன் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வயரே போதும் என்றான். இன்னொருத்தன் அதைப் போட்டால் வீடு பற்றிக்கொள்ளும் என்றான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்காமல் வேலைக்கு ஆகாது என்றான் ஒருத்தன். இரண்டு நாள் சண்டை போட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி: மெல்லிசான இழைகள் நிறையச் சேர்ந்த கம்பியாக இருக்க வேண்டும். நகரும் கையோடு நாளெல்லாம் வளைந்து நிமிரப்போகிற கேபிள் அது. தடியாக இருந்தால் இழுக்கும், ஒற்றைக் கம்பியாக இருந்தால் ஒடியும். முக்கால் ஸ்கொயர், அதாவது முக்கால் சதுர மில்லிமீட்டர் கனம், மல்டி ஸ்ட்ராண்ட், மேலே கம்பிவலை சுற்றியது. நானும் படித்துப் பார்த்தேன், அவர்கள் சொன்னது சரி.

ஆனால் மெல்லிசான இழைக் கம்பியை ஓட்டையில் நுழைக்க வேண்டும் என்றால் முதலில் அதை விரலால் முறுக்கிக் கூராக்க வேண்டும். வீட்டில் இருந்த ஒரு துண்டு ஸ்பீக்கர் வயரை எடுத்துச் செய்து பார்த்தேன். இழைகள் பூ மாதிரி விரிந்துகொண்டு நாலு பக்கமும் போயின. ஒன்று உள்ளே, மூன்று வெளியே. அரை மணி நேரம் ஆனது. சட்டை நனைந்துவிட்டது. அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டேன், இந்தக் கேபிள் நமக்கு வேண்டாம் என்று. மோட்டாருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதை விட்டுவிட்டு என் விரலுக்கு எது பொருந்தும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

எஸ்.பி. ரோட்டுக்குப் போக சிவாஜிநகர் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் நடை. ஸ்கூட்டரை விட்டு நாலைந்து மாதம் ஆகியிருந்தது. டிராஃபிக் என்று சொன்னேன். பெங்களூரில் அந்த ஒரு வசதி உண்டு, டிராஃபிக் என்று சொன்னால் எதற்கும் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். ஆபீசுக்கு லேட், கல்யாணத்துக்கு வரவில்லை, வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன், எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

முதல் தடவை இரண்டரை ஸ்கொயர், நாலு கோர் கேபிள் கேட்டேன். பென்சிலை விடத் தடிமனாக இருக்கும். பிடித்தால் கைக்கு அடங்கும், அதுதான் காரணம். கடைக்காரருக்குத் தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே வாக்கியத்தில் வரும். எதற்கு என்று கேட்டார். மோட்டாருக்கு என்றேன். மோட்டார் எவ்வளவு பெரிசு என்றார். என் முஷ்டி அளவு என்று இடது கையைக் காட்டினேன். அவர் கேபிளைப் பார்த்தார், என் முஷ்டியைப் பார்த்தார்.

"சார், இது கீசருக்குப் போடற வயரு. உங்க மோட்டரு இத்தூண்டு இருக்குது. முக்கால் ஸ்கொயர் வாங்கினு போங்க, இது பேடா, வேணாம்."

லாங் லைஃப் வரும், கரண்ட் தாராளமாகப் போகும் என்று என்னவோ உளறினேன். அவர் மறுபடி ஆரம்பித்ததும், விற்க இஷ்டமா இல்லையா என்று சத்தம் போட்டேன். பக்கத்துக் கடையில் சோல்டரிங் கம்பி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வெட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அது ஓட்டையில் நுழையவே இல்லை. நுழையாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் எப்படியாவது திணித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. கட்டிங் பிளேயரால் பாதி இழைகளை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைத் திணித்து ஸ்க்ரூவை இறுக்கினேன். எலெக்ட்ரீஷியன் யாராவது பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார். மெஷினை ஓட்டினேன். நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மெஷின் கை அந்தப் பக்கம் போகும்போது தடிக் கேபிள் வளைய மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு, ஓட்டையில் இருந்த கம்பியைச் சரக்கென்று பிடுங்கிவிட்டது. மோட்டார் ஓடும்போது கம்பி கழன்றால் டிரைவர் போய்விடும். போய்விட்டது. எரிந்த வாடை சமையலறை வரை வந்தது. என்ன வாடை என்று மனைவி கேட்டாள். கடைக்காரன் கொடுத்த வயர் சரியில்லை என்றேன். வாய் கூசாமல் சொன்னேன், பாருங்கள்.

புது டிரைவர் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு இரண்டாம் தடவை எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். இந்தத் தடவை வீட்டுச் சுவருக்குள் போடுகிற சிங்கிள் ஸ்ட்ராண்ட் வயர் கேட்டேன். ஒரே கம்பி. முறுக்க வேண்டாம், இழை பிரியாது, குச்சி மாதிரி நேராக நிற்கும். நடுங்குகிற கைக்கு அதைப் போல வராது. கடைக்காரர் இதுவும் கூடாது என்றார். நகர்கிற இடத்தில் போட்டால் வளைந்து வளைந்து உள்ளே ஒடிந்துவிடும், வெளியே தெரியாது, கண்டுபிடிக்கவே முடியாது என்று பொறுமையாக விளக்கினார். நான் அந்தக் காலத்துச் செம்புக் கம்பியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். பிரசங்கத்தின் நடுவில் அவர் வேறு ஒருவருக்கு ஸ்விட்ச் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பி முதல் தடவையிலேயே ஓட்டைக்குள் போனது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீட்டினேன், உள்ளே போய் உட்கார்ந்தது. நாலும் பத்து நிமிஷத்தில் முடிந்தது. யுடிலிட்டியில் தனியாக நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பிரமை என்றுகூடத் தோன்றிவிட்டது. மெஷின் இரண்டு வாரம் ஓடியது. சோதனைக்கு ஒரு மீன் குடைந்தது. சுமாரான மீன்தான். ஆபீஸ் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன், எல்லாரும் பாராட்டினார்கள்.

மூன்றாம் வாரம் மோட்டார் திக்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் போனால் ஓடும், மறுபக்கம் வந்தால் உதறும். பார்க்கும் இடத்திலெல்லாம் வயர் முழுசாக இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்ட் போகிறது. கேபிளை ஆட்டினால் போகவில்லை. மூன்று சாயங்காலம் தேடினேன். ஒரு கையால் மீட்டர் முனையை ஓட்டையில் வைக்க வேண்டும், அந்தக் கையும் ஆடுகிறது, மீட்டர் முள்ளும் ஆடுகிறது, இரண்டில் எது வயரின் கோளாறு எது என் கோளாறு என்று கண்டுபிடிப்பதற்குள் பிராணன் போய்விட்டது. கடைசியில் ரப்பரை உரித்துப் பார்த்தால், கடைக்காரர் சொன்ன அதே இடத்தில், வளைகிற இடத்தில், கம்பி இரண்டாக ஒடிந்திருந்தது. இரண்டாவது டிரைவரும் அதற்குள் காலி. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் துணி காயப்போடும் கம்பியில் தொங்கிய ஒரு ஈரத் துண்டை இழுத்துக் கீழே எறிந்தேன். மனைவி வந்து அதை எடுத்து மறுபடி அலசினாள்.

மூன்றாம் தடவை போனபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரரே முக்கால் ஸ்கொயர் கேபிளை இழுத்து, ஒன்றரை மீட்டர் அளந்து வெட்டினார். மெத்தென்று இருந்தது, கையில் சுற்றினால் சுற்றியபடி கிடந்தது. இதைத்தான் முதல் நாளே கொடுக்கப் பார்த்தார் அந்த மனிதர். கம்பி முனையில் மாட்டி அழுத்துகிற சின்னத் தகரத் தொப்பி ஒன்று உண்டு, பின் லக் என்பார்கள். அதை மாட்டிவிட்டால் இழை பிரியாது, நேராக ஓட்டையில் போகும். ஒரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டினார். கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லக் நானே அடிச்சுக் குடுத்துடட்டா சார்? ரெண்டு நிமிஷம்."

குரலில் கேலி இல்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. இந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டதா? கவுண்டர் மேல் வைத்திருந்த கையை எடுத்துப் பையில் விட்டுக்கொண்டேன். லக் அடிக்கத் தெரியாமலா மெஷின் கட்டுகிறேன் என்று கேட்டேன். அவர் சரி சார், சரி சார் என்று பொட்டலத்தைத் தள்ளினார். பஸ்ஸில் வரும்போது முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லையே.

அந்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் யுடிலிட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கம்பியில் ரப்பரை உரிக்கும்போதே பாதி இழை அறுந்துவிட்டது. நறுக்கிவிட்டு மறுபடி உரித்தேன். லக்கை விரல் நுனியில் பிடித்துக் கம்பியைக் கொண்டுபோனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஆடுகின்றன. லக் கீழே விழும். குனிந்து தேடி எடுப்பேன். மறுபடி விழும். வாஷிங் மெஷினுக்கு அடியில் போய்விட்டதை எடுக்கத் தரையில் படுத்தேன். லக் வேண்டாம், வெறும் கம்பியையே நுழைத்துவிடுவோம் என்று பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு கம்பி உள்ளே இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதன் இழை ஒன்று மீசை மாதிரி வெளியே நீண்டு பக்கத்து ஓட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படியே சுவிட்ச் போட்டிருந்தால் மூன்றாவது டிரைவரும் புகைந்திருக்கும். ரப்பர் உரிக்கிற கருவியைச் சுவரில் வீசி எறிந்தேன். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது.

கதவு திறந்தது. மனைவி நின்றாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதாலும் பதறாத ஆள். சுவரைப் பார்த்தாள், தரையில் கிடந்த கருவியைப் பார்த்தாள். வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"குடுங்க இப்படி."

இது உனக்குப் புரியாது என்றேன்.

"புரியறதுக்கு என்ன இருக்கு. ஓட்டைல கம்பி போகணும். உங்க கை ஆடுது, என் கை ஆடல. குடுங்க."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், உப்பு குறைகிறது என்கிற மாதிரி. மறுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், கேபிள் சரியில்லை என்று ஆரம்பிக்க இருந்தேன். அந்தக் கேபிளில் ஒரு குறையும் இல்லை. கையில் இருந்ததைக் கொடுத்தேன்.

அவள் இழைகளை இரண்டு விரலால் ஒரு முறுக்கு முறுக்கினாள், லக்கை மாட்டினாள், அழுத்துகிற கருவி எது என்று கேட்டு வாங்கி அழுத்தினாள். எந்த நிறம் எந்த ஓட்டை என்று நான் சொன்னேன். சிவப்பு முதலில். உள்ளே போனது. பச்சை. போனது. மஞ்சளும் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதிக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. மூன்று மாதம், இரண்டு டிரைவர், எத்தனை பஸ், எத்தனை பொய். நீலக் கம்பிக்கும் லக்கை மாட்டி அழுத்தினாள். அழுத்தியவள் அதை நுழைக்காமல், கேபிளை மேஜை மேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தப்புறம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் அடக்கியதெல்லாம் அவள் தலையில் போய் விழுந்தது. தெரிந்துகொண்டே வேடிக்கை பார்த்தாயா என்று கேட்டேன். டிரைவர் எரிந்தபோது தெரியுமா, அந்தக் கடைக்காரனிடம் நான் அவமானப்பட்டபோது தெரியுமா, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கத்தினேன். மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் நான் முடிக்கும் வரை காத்திருந்தாள், வகுப்பில் காத்திருக்கிற மாதிரி.

"கட்டை சரியில்லன்னு கத்தினீங்க. டிராஃபிக்னு கத்தினீங்க. கடைக்காரன்னு கத்தினீங்க. நீங்களா வந்து எங்கிட்ட சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லவே இல்லையே நீங்க."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். பகல் சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது. இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

திங்கள் காலை ஆபீசுக்குக் கிளம்பும் முன் நீலக் கம்பியை நானே நுழைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். லக் அடித்துத் தயாராக இருக்கிறது, நுழைத்து ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும். மணிக்கட்டை மேஜையில் ஊன்றினேன், மூச்சைப் பிடித்தேன். கம்பி ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உள்ளே போகவில்லை. ஒரு வழியாக உள்ளே போனபோது ஸ்க்ரூ டிரைவர் நழுவியது, ஸ்க்ரூவைப் பிடிக்கப் போனேன், கம்பி வெளியே வந்துவிட்டது. செவ்வாயும் அதே கதை. மூன்று கம்பியோடு சுவிட்ச் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. கை வைத்துப் பார்த்தேன், உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டது, ஒரு அங்குலம் நகரவில்லை. அணைத்துவிட்டேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம்தான். நான் ஸ்டோர்ஸ் பார்க்கிற கார்மெண்ட்ஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், வீட்டுக்கு வந்து அரை நிமிஷத்தில் போட்டுவிடுவார். ஆனால் ஒற்றைக் கம்பியை மாட்ட ஒரு ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டால் ஏன் சார் நீங்களே போடலையா என்றுதான் முதலில் கேட்பார். அதற்கு ஒரு பொய் தயார் செய்ய வேண்டும். புதன் முழுக்க ஸ்டோர்ஸில் நூல் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பொய் யோசித்தேன். கண் சரியில்லை என்று சொல்லலாமா, முதுகு வலி என்று சொல்லலாமா என்று. ஒரு கட்டத்தில் எனக்கே சலித்துவிட்டது. எத்தனை பொய்தான் ஞாபகம் வைத்துக்கொள்வது? வியாழன் சாயங்காலம் அவள் பிள்ளைகளின் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன் என்றேன். தலை நிமிராமல் ஆஸ்பத்திரியில் டோக்கன் ஏழரைக்கே கொடுப்பார்கள் என்றாள். விசாரித்தே வைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் முப்பது பேர். ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பெயர், வயசு, விலாசம், என்ன தொந்தரவு. மனைவி எழுதட்டுமா என்றாள், வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அங்கேயும் வீம்பு. பேனாவை அழுத்திப் பிடித்து, கட்டத்துக்குள் நிற்காமல் ஓடிய எழுத்துகளை எப்படியோ முடித்துக் கவுண்டரில் நீட்டினேன். உள்ளே இருந்த பெண்ணுக்கு இருபது இருபத்தைந்து வயசு இருக்கும். ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன தொந்தரவு என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை அவளால் படிக்க முடியவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். என்ன சார் பிராப்ளம், சொல்லுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன் என்று கன்னடத்தில் கேட்டாள்.

அத்தனை மாதம் தமிழில் என் வாயிலிருந்து வராத வார்த்தை கன்னடத்தில் வந்தது.

"கை நடுக்தா இதே."

என் காதுக்கே அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. பக்கத்தில் மனைவி என் முழங்கைக்குக் கீழே சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் நிமிரவில்லை, அவளுக்கு அன்றைக்கு அது முப்பத்தோராவது தொந்தரவு. எழுதிக்கொண்டே, எத்தனை நாளாக என்று கேட்டாள். ஒட்டகத்தின் கால் உடைந்ததிலிருந்து மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். எட்டு மாதம் என்றேன். அவள் எழுதினாள்.

"ரெண்டு வருஷம்னு போட்டுக்கம்மா," என்றாள் மனைவி.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் டோக்கன் நம்பர் ஓடும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எட்டு மாதம் என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு வருஷம் என்று எழுதிக் கொடுத்தாள்.